தார்ப்பாய் மாறி உட்கார்ந்த யாசாகு

ஆசாகி ஆற்றங்கரையில் சகுரா என்கிற செர்ரிப் பூ பூக்கிற காலத்தில் மரத்தடியில் இடம் பிடிக்கிற வித்தையில், யாசாகுவை மிஞ்ச இந்தப் பூமண்டலத்தில் ஆள் கிடையாது. அவர் தார்ப்பாயை விரித்துவிட்டால் நிலநடுக்கம்கூட ஓரமாக ஒதுங்கித்தான் போகும். சரி, பூமண்டலம் என்றது கொஞ்சம் அதிகம்தான். நிலநடுக்கம் அதைவிட அதிகம். ஒகயாமா நகரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் பாலத்துக்கு வடக்கே, இந்தப் பக்கத்துக் கரையில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

யாசாகு கொஜிமாவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் துணி வெட்டுகிறவராக இருந்தவர். மீசை அரும்பும் வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆலையில் அவர்தான் கடைக்குட்டி. பூப் பார்க்கிற நாளில் விடியுமுன் போய் இடம் பிடித்து வைப்பது கடைக்குட்டியின் தலைவிதி. மறு வருஷம் அவருக்கும் இளையவன் ஒருவன் வந்தான். அவன் பிடித்த இடத்தில் மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துக் கூட்டம் சுட்ட மீனின் புகை முழுக்க இவர்கள் முகத்திலேயே வந்து அப்பியது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனிமே யாசாகுவையே அனுப்புங்கப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தை யாசாகுவின் தலையில் எழுதினதுபோல் ஆயிற்று. அவரே மேஸ்திரியாகி, தலை முடி கொட்டி, ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும்வரை ஆலையின் தார்ப்பாயை வேறு யாரும் தொட்டதில்லை.

உச்சி வேளையில் நிழல் எங்கே விழும், பிற்பகலில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த வேர் யாருடைய இடுப்பைக் குத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தார்ப்பாய்க்கு அடியில் அட்டைகளைப் பரப்புவார். மரத்துக்கு வலிக்கும் என்று முளை அடிக்கமாட்டார். மூலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். எல்லாம் சரி. ஆனால் இத்தனை வருஷமும் அந்த மனிதரின் பார்வை தரையைவிட்டு எழும்பவில்லை. "பூ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "இடம் நல்லா இருந்துச்சு" என்பார்.

அவர் மனைவி சுமியே இதற்கு நேர் எதிர். பூக்கள் அவளைக் கேட்டுக்கொண்டுதான் பூக்கின்றன என்று நினைக்கிற ரகம். குளிர் விடுமுன்னே கொராகுவென் தோட்டத்துப் பிளம். பிறகு கோயில் வாசலில் முழுசு முழுசாக விழுந்து கிடக்கும் கமேலியா, ஆற்றோரத்து மஞ்சள் கடுகுப் பூ. ஏப்ரல் பிறந்தால் சகுரா. அது உதிர்கிற சூட்டோடு குன்றுச் சரிவுகளில் பீச். கடைசியாக, வாகே ஊர்ப் பந்தல்களில் ஊதாச் சரம் சரமாய்த் தொங்கும் ஃபுஜிக் கொடி. ஒன்றையும் விடமாட்டாள். யாசாகு சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். வாசலில் செருப்பை மாட்டும்போதே, "இன்னைக்கு எந்தப் பூ?" என்பார். "கடவுளே" என்பாள் அவள்.

இவர்களுக்கு ஒரே பெண், இகுமி. வசந்தம் வந்தால் ஊர் பூக்கும். இகுமிக்கு மூக்கு ஒழுகும். மலையெல்லாம் நட்டு வைத்திருக்கிற சுகி என்கிற ஊசியிலை மரத்து மகரந்தம் காற்றில் ஏறின நாளிலிருந்து மே மாதம் வரை அவளுக்கு முகமூடிதான் முகம்.

கதைக்கு வருகிறேன். இகுமி ஷூஹேய் என்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் தகமாட்சுவில் அவன் அப்பா தொமியோகா உதோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். குளிர்காலக் கடைசியில் இகுமி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் தன் கையால் பிசைந்து, வெட்டி, வேகவைத்து முன்னால் வைத்த உதோனை, முகமூடியை ஒரு ஓரமாக விலக்கி விலக்கி உறிஞ்சினாள். நடுநடுவே முகத்தைத் திருப்பித் தும்மல். "மகரந்தம், மன்னிச்சுக்கோங்க" என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. "பனி பெய்யற மாசத்துல எந்தப் பூ பூக்குது? என் எதிர்ல முகத்தைக் காட்டப் பிடிக்கலை, அவ்வளவுதான்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அது இகுமி வழியாக யாசாகுவின் காதுக்கும் வந்தது. கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பதில், "யோசிக்கலாம்." இந்த நாட்டில் அந்த வார்த்தைக்கும் 'முடியாது' என்பதற்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதக் கதவுதான் உண்டு.

ஷூஹேய் அப்பாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒகயாமாவில் ஒரே ஒரு நாள், இரண்டு குடும்பமும் சேர்ந்து சகுரா பார்ப்பது என்று சம்மதிக்க வைத்தான். அந்த மரத்தடியில் விஷயம் முடிந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் இல்லை.

முந்தின நாள் இகுமி அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்பா, நீங்க இடம் பிடிச்சா போதும். பேச வேண்டாம்."

"வணக்கம்கூடச் சொல்லக் கூடாதா?"

"வணக்கம் சொல்லுங்க. அப்புறம் அவர் எது சொன்னாலும் 'ஆமாம், ஆமாம்'னு தலையாட்டுங்க."

"தப்பா ஏதாவது சொன்னா?"

"அப்பவும் ஆமாம்தான். வர்றது மூணே பேரு, ரொம்ப அமைதியான மனுஷங்கப்பா. கெடுத்துடாதீங்க."

மறுநாள் யாசாகு இருட்டோடு சைக்கிளில் கிளம்பிப் போய், கரையில் இருப்பதிலேயே பெருத்த அடிமரத்தைப் பார்த்து அதன் மேற்கே நீலத் தார்ப்பாயை விரித்தார். குரிமோதோ என்று குடும்பப் பெயரை ஓர் அட்டையில் எழுதி முன்னால் வைத்தார். அதே மரத்துக்குக் கிழக்கே, மரத்தின் பருமனில் மறைந்து, அதே கடையில் வாங்கின அதே நீலத் தார்ப்பாய் ஒன்று ஐஸ் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஆளில்லாமல் கிடந்தது. அவர் அதைக் கவனித்தார், தலையாட்டினார், மறந்தார். கைபேசி வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் பத்திரமாக இருந்தது.

மதியம் நெருங்கும்போது அவருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டி வந்தது. காலையிலிருந்து ஒரு குடுவைப் பச்சைத் தேநீர் உள்ளே போயிருக்கிறது. அதுவும் ஒரு நியாயம் கேட்கும் அல்லவா? அங்கே வரிசை திருவிழா வரிசை. முடித்து வரும்போது போன வழி அடைத்துக்கொண்டிருந்தது. சோளம் வாட்டுகிறவனின் கடையைச் சுற்றிக்கொண்டு மறு வழியாக வந்தார். அதற்குள் கரை பூராவும் ஜனம். பெருத்த அடிமரம் தெரிந்தது. நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

யாசாகு ஓட்டமும் நடையுமாகப் போனார். விருந்தாளிகள் வந்தாயிற்று, வீட்டுக்காரன் கழிப்பறையில்! இதைவிடப் பெரிய அவமானம் ஒகயாமாவில் நடந்ததுண்டா? மேற்கா கிழக்கா என்று பார்க்கவா தோன்றும்? செருப்பை உதறிவிட்டு, தார்ப்பாயின் விளிம்பில் மண்டியிட்டு, நெற்றி தரையில் முட்டக் குனிந்தார்.

"தாமதமாயிடுச்சு... ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்!"

அந்தக் கூட்டமும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பதிலுக்குக் குனிந்தது. குனிந்தவரைப் பார்த்து இவர் மறுபடி குனிய, அவர்கள் மறுபடி குனிய, இப்படிக் கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் நிமிர்ந்தவள் தோகுயோ என்கிற பருத்த அத்தைக்காரி. அவளுடைய தம்பி மகனுக்குத்தான் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். அதற்காகக் கூடின கூட்டம் அது. வடக்கே வெகுதூரத்து ஹொக்காய்தோவிலிருந்து சோய்ச்சி என்கிற ஒன்றுவிட்ட தம்பி, பார்த்தே பல காலம் ஆனவன், அன்று வருவதாக இருந்தது.

"வந்துட்டியா! ஏன்டாப்பா, முடியெல்லாம் எங்க போச்சு?" என்றாள் அவள்.

யாசாகு திகைத்தார். இதுவரை பார்த்தே இராத சம்பந்தி வீட்டு அம்மாள், முதல் பேச்சிலேயே வழுக்கையில் கை வைக்கிறாளே! தகமாட்சு பக்கத்து வழக்கம் இதுதானோ? "ஆமாம், ஆமாம்" என்றார்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கே. களைப்பா இருக்குமே?"

"தூரம் ஒண்ணும் இல்லீங்க. சைக்கிள்லதான் வந்தேன்."

தார்ப்பாயே குலுங்கச் சிரித்தார்கள். "ஹா! அந்தப் பழைய கிண்டல் மட்டும் இன்னும் போகலை!" என்று தோளில் ஓர் அடி போட்டார் சிவந்த முகத்துக்காரர் ஒருவர். அவள் தம்பி, மாப்பிள்ளையின் அப்பா, புன்ஜி. அடித்த கையோடு ஒரு கோப்பையைத் திணித்து, சாகே மதுவை வழிய வழிய ஊற்றினார். ஊற்றினால் குடிக்க வேண்டும். குடித்தால் திருப்பி ஊற்ற வேண்டும். ஊற்றின கையிடம், "நீங்கள் யார்?" என்று கேட்பதைவிட ஆற்றில் குதிப்பது மரியாதை. யாசாகு கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இவர்தான் தொமியோகா என்று யாசாகு மனதில் குறித்துக்கொண்டார். அமைதியான மனுஷர் என்றாளே இகுமி? மூன்று பேர் என்றாளே? இங்கே ஒரு பேருந்துக்கு ஆள் இருக்கிறது!

"பையன் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வண்டியை நிறுத்தப் போயிருக்கான். பொண்ணையும் கூட்டிக்கிட்டு வருவான்."

அது பொருந்தியது. யாசாகுவுக்கு மூச்சு வந்தது. சம்பந்தியிடம் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை கேட்பதுதானே மரியாதை? "கடை எப்படிப் போகுதுங்க?" என்றார்.

"கடையா?" புன்ஜி கண்ணைச் சிமிட்டினார். "அதை வித்துத் தள்ளி எவ்வளவு நாளாச்சு! உனக்கு யாரும் சொல்லலியா? இப்போ காலையில தூண்டில், சாயங்காலம் தூக்கம். ராஜா மாதிரி இருக்கேன்."

யாசாகு கோப்பையைக் கீழே வைத்தார். உதோன் கடையை விற்றுவிட்டார்களா? குளிர்காலக் கடைசியில் இகுமிக்கு உதோன் பரிமாறினது யார்? ஷூஹேய் இதை மறைத்தானா, அல்லது இகுமியே பெற்றவரிடம் மறைத்தாளா? தலைக்குள்ளே ஒரு நூற்கண்டு சிக்கிக்கொண்டது. வாய் மட்டும், "ஆமாம், ஆமாம், நல்லது" என்றது.

"நல்லது எதுவும் நடக்கலை" என்றாள் தோகுயோ, அவர் தட்டில் ஒரு வறுத்த கோழித் துண்டை வைத்தபடி. "இந்தப் பொண்ணு விஷயத்தைத்தான் உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நீதான் வெளி ஆளு மாதிரி நியாயமாச் சொல்லுவே."

"சொல்லுங்க."

"பிளம் பூத்திருக்கே, நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணாச்சேன்னு கொராகுவென்னுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு பூவை நிமிர்ந்து பாக்கணுமே? தும்மல்! வாசல்ல ஆரம்பிச்ச தும்மல், குளத்தைச் சுத்தி வர்ற வரைக்கும் நிக்கலை. முகமூடியைக் கழட்டவே இல்லை. இவ மூக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

யாசாகுவின் முதுகு நிமிர்ந்தது. இது இகுமியேதான், சந்தேகமில்லை. தகமாட்சு ஆட்கள் கொராகுவென்னுக்கு எப்போது வந்தார்கள் என்று ஒரு சின்னக் கேள்வி எழுந்து, மதுவில் மூழ்கிப் போனது.

"ஆமாம்... ஆமாம்..."

"பூவைக் கண்டா தும்முற பொண்ணு நம்ம குடும்பத்துக்கு ராசியா, சொல்லு? நம்ம தோட்டத்துல பியோனி இருக்கு, அசேலியா இருக்கு. இவ வந்தா வாசலைச் சாத்தி வைக்கணுமா? பெத்தவங்க என்னத்தை வளத்தாங்களோ!"

"ஆமா..." என்று தொடங்கின வார்த்தையை யாசாகு முடிக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மகளே ஒரு பக்கம். அவர் எழுந்து நின்றார். வாழ்நாளில் எந்தத் தார்ப்பாயிலும் எழுந்து நின்று பேசினவர் இல்லை அவர்.

"இல்லை!" என்றார். பக்கத்துக் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "அது பூவே இல்லீங்க! சுகி மரத்துத் தூள்! மலை பூரா நட்டு வச்சிருக்காங்களே, அந்தச் சனியன்! பனியிலயே கிளம்பி வந்துடும். அதுக்கு என் பொண்ணு என்ன பண்ணுவா? முகத்தைக் காட்டப் பிடிக்காதவளா அவ? முகத்துல தண்ணியா ஊத்தறப்போ பெரியவங்க முன்னாடி எப்படிங்க திறப்பா?"

"உன் பொண்ணா?" என்றாள் தோகுயோ.

"என் பொண்ணுதான்! வசந்தம் வந்தா அவ கண்ணு பழுத்த மிளகாய். ஜன்னலைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள கிடக்க வேண்டியவ. ஆனா ஒரு வருஷம் தவறாம, சின்னப் பிள்ளையில இருந்து, இங்கே வந்து என் தார்ப்பாய்ல உக்காருவா. ஆலைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துடுவா. மூக்கு ஒழுகும், இருமுவா, போகமாட்டா. அவ பூவைப் பாத்தே நான் பாத்ததில்லை. பூப் பாக்க வரலைன்னா அவ எதுக்கு..."

அங்கே அவர் பேச்சு அறுந்தது. எதற்கு வந்தாள்? அதை அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்பதுபோல. "எதுக்கு வந்தா?" என்று நிஜமாகவே கேட்டார்.

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூக்கடைத்த குரல் ஒன்று பதில் சொன்னது.

"உங்களுக்குத் துணைக்குத்தாம்ப்பா. இருட்டுல இருந்து ஒண்டியா உக்காந்திருப்பீங்களே."

அடுத்து, அடிமரத்தை ஒட்டி சுமியேயின் தலை எட்டிப் பார்த்தது.

"என்னங்க! யார் வீட்டுத் தார்ப்பாய்ல நின்னு கத்திக்கிட்டிருக்கீங்க? எல்லாரும் வந்து அரை மணி நேரமா இங்கே உங்க அட்டையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்!"

யாசாகு சுமியேயைப் பார்த்தார். தோகுயோவைப் பார்த்தார். தட்டிலிருந்த கோழித் துண்டைப் பார்த்தார். அது யாருடையது என்று அப்போதுதான் விளங்கத் தொடங்கியது, முழுக்க விளங்கவில்லை.

"அப்போ கடையை விக்கலையா?" என்றார்.

"எந்தக் கடை?" என்றாள் சுமியே.

"இரு, இரு" என்று தோகுயோ கையைத் தூக்கினாள். "நீ சோய்ச்சி இல்லேன்னா, சோய்ச்சி யாரு?"

அதற்கு விடைபோல, தலை நிறைய முடியோடும் கையில் பெட்டியோடும் ஒருவன் தார்ப்பாயின் விளிம்பில் வந்து, "தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்" என்று குனிந்தான். எல்லோரும் பழக்கத்தில் குனிந்தார்கள். யாசாகுவும்தான். பிறகு அவர் தோகுயோவிடம் தனியாக ஒருமுறை, புன்ஜியிடம் ஒருமுறை, சாகே புட்டியைப் பார்த்து ஒருமுறை மன்னிப்புக் கேட்டார்.

"விடுப்பா" என்றாள் தோகுயோ. "நீ யாரா இருந்தா என்ன? நம்ம சோய்ச்சியைவிட நல்லாத்தான் பேசினே." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த சுகி மரத்துத் தூள்... அது நிஜந்தானா?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு மேல சத்தியம்" என்றார் யாசாகு.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மரத்தைச் சுற்றி மேற்கே வந்தார். அவர் விரித்த தார்ப்பாய், அவர் வைத்த பாட்டில்கள், எல்லாம் இருந்த இடத்தில். நடுவில் சுமியே செய்து வந்த பாராஸூஷி. புளிக்காடிச் சோற்றின் மேல் வசந்தத்துச் சாவாரா மீனும் தாமரைத் தண்டும் பச்சைப் பட்டாணியுமாக, யாரும் கை வைக்காமல். இகுமி முகமூடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். ஷூஹேய் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தொமியோகா ஒல்லியான, முதுகு வளையாத மனிதர். பக்கத்தில் அவர் மனைவி. இருவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். கேட்காமல் இருக்க வழியே இல்லை; அக்கரையில் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை யாசாகு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சகுரா உதிர்ந்து, பீச் உதிர்ந்து, மே மாதத்தில் வாகேயின் ஃபுஜிப் பந்தலின் கீழே இரண்டு குடும்பமும் மறுபடி கூடினபோது, அங்கே வந்திருந்த தோகுயோவுக்கும் அதைத்தான் சொன்னார். அவள் தன் தம்பி வீட்டு வருங்கால மருமகளையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு முகமூடி இல்லை. மூக்கு நன்றாகவே இருந்தது.

"கேளுங்க" என்றார் யாசாகு, கையை அகல விரித்து. "நான் நின்னுக்கிட்டே இருக்கேன். தொமியோகா ஐயா என்னையே பாக்கறார். அப்படியே உருகிப் போயிட்டார் மனுஷன். கண்ணுல பொல பொலன்னு தண்ணி. எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'இப்படி ஒரு பொண்ணைத்தான் நாங்க தேடிக்கிட்டிருந்தோம், எங்களுக்குக் கொடுத்துடுங்க'ன்னு கேட்டார். அந்த நிமிஷமே கல்யாணம் முடிவாயிடுச்சு!"

தோகுயோ கைக்குட்டையை எடுத்தாள். தொமியோகா தேநீர்க் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார். அன்று அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அழவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை" என்றார். "அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது, உக்காருங்கன்னுதான் சொன்னேன். சம்மதம்னு சொன்னது என் வீட்டுக்காரி. நான் இன்னும் சொல்லவே இல்லையே."